திண்டிவனம் பைபாஸில் இறங்கியவள்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை காலை அது. விழுப்புரத்தில் அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அன்று எனக்குப் பள்ளி வேனில் டியூட்டி. திருவாமாத்தூர் ரோட்டில் ஒரு திருப்பத்தை நெருங்கும்போது, யூனிஃபார்ம் போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பது தெரிந்தது. தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். வேன் நிற்கவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. நம்ம பொண்ணு நிக்குது" என்று கத்தினேன்.

"பதினெட்டு முடிஞ்சி போன பொண்ணு மிஸ். ஏப்ரல்லயே அனுப்பிட்டாங்க இல்ல? இன்னிக்கி நிறுத்துனா டெய்லி நிக்கும். அப்புறம் பேஜாரு" என்றார் டிரைவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். அப்புறம் நின்று, மறந்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் பெரிதாகக் கையை ஆட்டினாள்.

ஏப்ரலில் அவளுக்கு நாங்கள் வழியனுப்பு விழாவே நடத்தியிருந்தோம். மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம், கேக் வெட்டினோம். பல் தேய்க்க, தலை பின்ன, துணி மடிக்க, நிறம் பிரிக்க என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது எங்கள் பள்ளி. விழா முடிந்த மறுநாள் காலையில் எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓடும் வேனிலேயே எனக்கு அந்த எண்ணம் வந்தது. இவளை ஒரு வேலைக்கு அனுப்பியே தீர வேண்டும். அதுவும் யாரும் கொண்டுபோய் விடாமல், அவளாகப் போய் அவளாக வர வேண்டும்.

நான் கொஞ்சம் அவசரக்காரி. அன்று மாலையே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "செய்ம்மா, வேணாங்கல. ஆனா பாதியில விட்டுடாத. அதுங்களால அதத் தாங்க முடியாது" என்றார்.

விழுப்புரம் கடைத்தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிறந்த நாள், கல்யாண நாள், நினைவு நாள் என்றால் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். எல்லாக் கடைக்காரர்களும் எங்கள் பள்ளிக்குத் தெரிந்தவர்களே. ஒரு துணிக்கடை முதலாளி என்னை உட்கார வைத்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில், "வேலையா? ஐயோ பாவம் மிஸ், அந்தப் பொண்ணப் போய் வேலை வாங்கறதா? வேணும்னா இந்த வருஷம் என் பையன் பொறந்தநாளுக்கு ரெண்டு வேளையும் பிரியாணி போட்டுடறேன்" என்றார். இப்படி அந்த மாதத்தில் நான் வேலை கேட்டுப் போய் வாங்கி வந்தது எல்லாம் சாப்பாடுதான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அழுகையாக வந்தது.

என் சொந்த ஊர் திண்டிவனம். அக்காவின் பிரசவத்துக்காக அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் போய் உட்கார்ந்திருந்தபோது, பின்பக்கம் மலைபோல் குவிந்து கிடந்த படுக்கை விரிப்புகள் கண்ணில் பட்டன. சலவைப் பகுதிக்குப் பொறுப்பான அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவே தெரியாத முகம்.

"எனக்குப் பாவம்லாம் பாக்கத் தெரியாது மிஸ். ஒம்பதுக்கு வரணும். மடிப்பு ஒரே மாதிரி இருக்கணும். சொன்ன நேரத்துக்கு வந்தா வேலை. வரலன்னா வேற ஆளு. ஒரு மாசம் நீங்க கூட வந்து பழக்குங்க. அதுக்கு மேல இங்க யாரும் கூட வந்து உக்காந்துக்கினு இருக்கக் கூடாது."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அடுத்தது அவளுடைய அப்பா. பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். வீட்டுச் சுவரில் மாதா படம், அதன் கீழே எரியும் சின்ன பல்பு. நான் பேசப் பேச அவர் ஸ்குரூடிரைவரால் தரையில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார்.

"மிஸ், உங்களுக்கு இது ஒரு டிரைனிங்கு. எனக்கு ஒரே பொண்ணு. தேர்த் திருவிழாவுல ஒரு வாட்டி கூட்டத்துல காணாம போயி, பொழுது சாயற வரைக்கும் நாங்க பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். திண்டிவனத்துக்குத் தனியா பஸ்ல போவும்னு சொல்றீங்க. போவும். திரும்பி வருமா?"

பதில் சொன்னது அவள்தான். உள்ளேயிருந்து வந்து, "மிஸ், எத்தன மணி பஸ்?" என்று கேட்டாள். அவள் அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் கொண்டுவந்து விடுவார், மாலையில் அங்கேயே வந்து அழைத்துக்கொள்வார். நடுவில் அவள் தனியாகப் போய் வர வேண்டும். பழக்கும் மாதம் முடிந்து முதல் நாள் தனியாகப் போகும்போது ஒரு தப்பு நடந்தாலும் சரி, அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நான் சரி என்றேன். வேறு வழி?

பயிற்சி ஆரம்பித்தது. அவளுக்குப் படிக்க வராது. எழுத்தின் வடிவம் பிடிபடும். விழுப்புரம் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், என் கஷ்டம் புரியும். திருவண்ணாமலை, திருச்சி, திருக்கோவிலூர், திண்டிவனம் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதல் இரண்டு நாளும் அவள் வெகு உற்சாகமாகத் திருவண்ணாமலை பஸ்ஸில் போய் ஏறினாள். அப்புறம் இரண்டாவது எழுத்தில் மூன்று சுழி இருக்கிறதா பார் என்று சொல்லிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பஸ்ஸின் முன்னாலும் போய் நின்று விரலைக் காற்றில் சுழற்றிப் பார்ப்பாள். டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவள் அசைய மாட்டாள்.

ஏறியதும் சிலுவை போட்டுக்கொள்வாள். ஜன்னல் ஓரம்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அவர்களே எழுந்துவிடுவார்கள். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் இரண்டு சீட்டு தள்ளி, பிறகு பின் வாசல் பக்கம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டின் போட்டோவை அட்டையில் ஒட்டி, "இந்த இடம் வந்தாதான் எறங்கணும். வேற எங்கயும் எறங்கக் கூடாது. தெரியாதவங்க கூட ஆட்டோல ஏறக் கூடாது" என்று தினமும் சொல்லுவேன். அவளும் திருப்பிச் சொல்லுவாள். தினமும் அதே பஸ், அதே கண்டக்டர். அவர் பாவம், "பாப்பா, ஸ்டாண்டு வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பார். எல்லாம் கச்சிதமாக நடக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தனியாகப் போகும் நாள் வந்தது. அவள் கழுத்தில் ஒரு சின்ன பட்டன் போன். ஒரே பட்டனை அழுத்தினால் எனக்கு வந்துவிடும். அப்பா அவளை ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நான் துப்பட்டாவைத் தலையில் போர்த்தி, முகக் கவசம் மாட்டி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அன்று மட்டும் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவது என் திட்டம். அது அவளுக்குத் தெரியக் கூடாது.

வழக்கமான பஸ் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். அப்போது ஒரு சென்னை பஸ் வந்து நின்றது. கண்ணாடியில் பெரிதாகச் சென்னை, கீழே சின்னதாக வழி திண்டிவனம். அவள் முன்னால் போய் நின்றாள், விரலைச் சுழற்றினாள், மூன்று சுழியைக் கண்டுபிடித்தாள், ஏறிவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் நூற்றுக்கு நூறு சரி. நான் ஓடிப்போய்ப் பின் வாசலில் தொற்றிக்கொண்டேன்.

கடைசி சீட்டில், தலையில் துண்டைச் சுற்றி, மூஞ்சியை மூடிக்கொண்டு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த விரல்களில் இருந்த கிரீஸைப் பார்த்தேன்.

"நீங்க வரமாட்டேன்னு சொன்னீங்களே?" என்று கிசுகிசுத்தேன்.

"நீங்களுந்தான் சொன்னீங்க" என்றார் அப்பா.

விக்கிரவாண்டி தாண்டும்வரை இருவரும் திருடர்கள் மாதிரி அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு ராணி மாதிரி போய்க்கொண்டிருந்தாள். கூட்டேரிப்பட்டு கடந்ததும் கண்டக்டர் எழுந்து, "திண்டிவனம் பைபாஸ்லாம் முன்னாடி வா. வண்டி உள்ள போகாது" என்று சொன்னபோதுதான் எனக்கு என் தப்பு உறைத்தது. அவளுக்குத் தெரிந்த திண்டிவனம் ஒரே ஒரு போட்டோ. அந்த போட்டோவில் பைபாஸ் இல்லை.

பஸ் நின்றது. பாலம், லாரிகள், புழுதி. நாலைந்து பேர் இறங்கினார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏம்மா, திண்டிவனம்தான டிக்கெட்டு? எறங்கு, ஜல்தி."

"இது ஸ்டாண்டு இல்ல."

"ஸ்டாண்டுக்குள்ள இந்த வண்டி போகாதும்மா."

"போகும். டெய்லி போகும்."

"டெய்லி போற வண்டி வேற. இது மெட்ராஸ் வண்டி. எறங்கும்மா, பின்னால ஹாரன் அடிக்கிறான்."

"ஸ்டாண்டு வந்தாதான் எறங்கணும்" என்றாள், நான் சொல்லும் அதே ராகத்தில். என் குரலை நானே வெளியிலிருந்து கேட்பது போல் இருந்தது.

பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. யாரோ ஒரு பையன், "மென்ட்டலு போல இருக்குதுடா" என்றான். அப்பா சட்டென்று எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண், அயல் ஆணின் சட்டையை இப்படிப் பிடிக்கலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. "அண்ணே, நீங்க போனா எல்லாம் முடிஞ்சிடும். கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு இறங்கப் போன ஒரு அம்மா திரும்பி நின்று அந்தப் பையனைப் பார்த்தார். "டேய், உன் வாயி என்ன பைபாஸா, நிக்காம போய்க்கினே இருக்குது? மூடு" என்றார். பிறகு அவளிடம், "எங்க போவணும் கண்ணு?" என்று கேட்டார்.

"வேலைக்கு."

அந்த அம்மா மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார். "இன்னா வேலை?"

"ஆஸ்பத்திரி. பெட்ஷீட் மடிக்கணும். லேட்டானா திட்டுவாங்க."

"அப்ப எறங்கு. இந்த வண்டியில உக்காந்துக்கினு இருந்தா மெட்ராஸ்லதான் போய் மடிப்ப."

அவள் ஒரு நிமிடம் அந்த அம்மாவையும் வெளியே பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து இறங்கினாள். நாங்கள் பின் வாசல் வழியாகக் குதித்து, ஒரு கரும்புச் சாறு வண்டியின் மறைவில் போய் நின்றோம். அந்த அம்மா ஷேர் ஆட்டோவைக் காட்டி வா என்றார். இவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "தெரியாதவங்க கூட ஆட்டோல போகக் கூடாது." அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் கரெக்ட்டுதான்" என்று சொல்லி, கையை நீட்டி வழி காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். அந்த மூட்டைக்கார அம்மா காட்டிய திசைக்கு நேர் எதிராக.

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அந்த ஒரு பட்டனை அழுத்துவாள், இப்போது அழுத்துவாள் என்று திரையையே முறைத்தேன். அவள் போனைத் தொடக்கூட இல்லை. ஒரு டீக்கடை முன்னால் நின்றாள். என்னவோ கேட்டாள். டீ மாஸ்டருக்கு அவள் பேச்சு முதலில் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள், கைகளால் விரிப்பு மடிக்கிற மாதிரி செய்து காட்டினாள். அவர் சிரித்து, நாங்கள் நின்ற பக்கமாகக் கையைக் காட்டினார். விறுவிறுவென்று திரும்பி வந்தாள். நேராக எங்களிடம். கரும்பு வண்டி எவ்வளவுதான் மறைக்கும்?

"அப்பா!"

அவர் துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். பிரயோஜனம் இல்லை.

"நீ ஏன் வந்த?"

"இங்க... ஒரு மோட்டார் வேலை கண்ணு."

"பொய்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீயும் பொய்."

நான் முகக் கவசத்தைக் கழற்றினேன். அப்பாதான் சமாளித்தார். "சரி, வா. நேரமாயிடுச்சு. நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்று அவள் கையைப் பிடித்தார். அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

"வேணாம். நான்தான் போகணும்."

"போற வழி தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கேட்டுக்கினு போவேன்."

சொல்லிவிட்டு எங்களைக் கடந்து போனாள். அப்பா அவள் பின்னால் ஒரு எட்டு எடுத்து வைத்தார். நானும் வைத்தேன். அவள் திரும்பி, விரலை நீட்டி, "வரக் கூடாது" என்றாள். வகுப்பில் நான் செய்கிற மாதிரியே. அந்த இடத்தில் அந்த மனிதர் நின்றாரே, அதை என்னால் மறக்கவே முடியாது. அவர் பெண் லாரிகள் ஓடும் சாலை ஓரமாக நடந்து சின்னதாகிக்கொண்டே போகிறாள். ஓடினால் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம். அவர் சாலையோரத் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "மிஸ், இன்னா ஆனாலும் என்னை ஓட வுடாதீங்க" என்றார்.

ஓரிடத்தில் அவள் ஒரு பூக்கார அம்மாவிடம் நின்று கேட்பது தெரிந்தது. அப்புறம் வளைவில் மறைந்துவிட்டாள்.

அதன்பின் நாங்கள் காத்திருந்த நேரத்தை என்னால் கணக்குச் சொல்ல முடியாது. கரும்புச் சாறுக்காரர் கேட்காமலேயே இரண்டு கிளாஸ் கொடுத்தார். அப்பா குடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று தெரிந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு ஏறி வருவதாகக்கூட வேண்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. சலவைப் பகுதி அம்மா.

"மிஸ், உங்க பொண்ணு இப்பதான் வருது. நல்லா லேட்டு. வாசல்லயே நிக்க வெச்சித் திட்டிட்டேன். நாளைக்கும் இப்படி வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்." டக்கென்று வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாங்க? வந்துடுச்சா?"

"வந்துட்டா அண்ணே. லேட்டுன்னு திட்டினாங்களாம்."

"திட்னாங்களா?" அவர் முகம் விசித்திரமாக மாறியது. "மத்தவங்கள திட்ற மாதிரியேவா?"

"கொஞ்சம் தூக்கலாவே இருந்திருக்கும்."

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அந்த வீட்டுக்கு அத்தனை முறை போயிருக்கிறேன், அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவருடைய பெண்ணை எல்லாரும் இதுவரை கொஞ்சியிருக்கிறார்கள், பரிதாபப்பட்டிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். வேலைக்கு லேட்டாக வந்ததற்காக யாரும் திட்டியதில்லை. அதுவரை தொடாமல் வைத்திருந்த சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்து வுட்டுடறேன் மிஸ்" என்றார். ஒரு தப்பு நடந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி அவர் அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. நான் ஞாபகப்படுத்துவேனா என்ன?

அவள் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். உள்ளே போகிற பஸ், போகாத பஸ் இரண்டும் அவளுக்கு இப்போது அத்துப்படி. அந்தச் சிரிக்காத அம்மாவோடு வாரத்துக்கு ஒருமுறை சண்டை, மறுநாள் சமாதானம். என்மேல் மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. தெருவில் துப்பட்டா போர்த்திய பெண்ணைப் பார்த்தால் கிட்டப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறாளாம்.

பள்ளியிலும் சிலது மாறியிருக்கிறது. பதினெட்டு வரை காத்திருப்பதில்லை; பதினைந்து வயதிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போக ஆரம்பித்துவிட்டோம். பிறந்த நாள் சாப்பாடு போட வருகிறவர்களிடம், "சாப்பாடு சந்தோஷம் சார், ஒரு வாரம் உங்க கடையில எங்க பிள்ளை ஒருத்தனை வேலை கத்துக்க விடுவீங்களா?" என்று வெட்கமில்லாமல் கேட்கிறேன். பிரியாணி துணிக்கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நான் விடுவதாக இல்லை.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல் பாக்கி. நான் அவளுக்குச் சரியான பஸ்ஸை மட்டும்தான் பழக்கினேன். வழி தவறினால் கேட்டுக்கொண்டு போவது அவளாகவே கண்டுபிடித்தது. என் பாடத்தில் அது எங்கேயும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே வருகிற திங்கட்கிழமை முதல் புதுப் பாடம். கண்டாச்சிபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவன், ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு தப்பான பஸ்ஸில் ஏறப் போகிறேன். பேர் தெரியாத ஏதோ ஒரு நிறுத்தத்தில் மூவரும் இறங்குவோம். அவன் யாரிடமாவது வாய் திறந்து வழி கேட்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், அவன் அம்மாவும் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். அந்தக் காலையில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அப்பாவிடம் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், அதுவே இன்னும் எனக்கு முழுசாக வரவில்லை.